கையில் ஒரே ஒரு நாள்: ஊரிலிருந்து வருகிறவர்களைச் சென்னையில் எங்கே கூட்டிப்போவது?

திருவாரூரிலிருந்து அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் வருகிறார்கள். இங்கே ஒரு கல்யாணம். புதன்கிழமை முகூர்த்தம், வியாழக்கிழமை ராத்திரி எழும்பூரில் ரயில். நடுவில் வியாழன் பகல் முழுக்க சும்மா கிடக்கிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டு மண்டபத்தை மட்டும் பார்த்துட்டுப் போறதா? எங்கேயாவது கூட்டிட்டுப் போடா" என்று அம்மா போனில் சொல்லிவிட்டாள்.

சென்னையில் குடியிருக்கும் எல்லாருக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வரும் கேள்விதான் இது. பெரும்பாலும் யோசிக்காமல் மெரினா என்றோ ஏதாவது ஒரு மால் என்றோ முடித்துவிடுவோம். இந்தத் தடவை அப்படிச் செய்யக்கூடாது என்று உட்கார்ந்து யோசித்தேன். அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷம் முன்னால் ஒரு மே மாதத்தில் இவர்களை ஒரு பூங்காவுக்கு அழைத்துப்போனேன். போய்ச் சேரும்போது மணி பதினொன்று. நட்ட செடிகளெல்லாம் இடுப்பளவுதான் வளர்ந்திருந்தன. கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அம்மா ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். எழுபது வயது ஆள் முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்து பார்த்தது அந்தப் பெஞ்சைத்தான்.

ஆகவே எனக்கு இப்போது அளவுகோல் ஒன்றுதான்: அம்மா "நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லாத இடமாக இருக்க வேண்டும். நிழல், உட்கார இடம், திறந்திருக்கும் கழிப்பறை, வாசலிலிருந்து பார்க்க வேண்டிய பொருள்வரை எவ்வளவு நடை, எத்தனை படி எல்லாம் அதற்குள் வந்துவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா எழுபத்தைந்திலும் நன்றாக நடப்பார், ஆனால் வெயில் ஒத்துக்கொள்ளாது. அக்கா மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. கோயில்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தியாகராஜர் கோயில் வாசலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோயிலை நான் காட்ட வேண்டியதில்லை.

முதலில் கிழமையைப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, முட்டுக்காடு தட்சிணசித்ரா மூன்றுக்கும் செவ்வாய். கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு ஞாயிறு. இது தெரியாமல் குடும்பத்தோடு போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். நமக்கு வியாழன் வாய்த்திருப்பது நல்லதாகப் போயிற்று, எல்லாமே திறந்திருக்கும்.

பிள்ளைகள் கேட்டது வண்டலூர். நியாயமான ஆசை. 1985-ல் இப்போதைய இடத்துக்கு வந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 600 ஹெக்டேர், நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஏக்கர். விலங்குகளுக்கு அது நல்லது. அம்மாவின் முழங்காலுக்கு நல்லதல்ல. பேட்டரி வண்டி இருக்கிறது, அதில் ஏறிச் சுற்றலாம். ஆனால் வண்டி நிற்கிற இடத்தில்தான் இறங்க முடியும், கூட்ட நாளில் வண்டிக்கே காத்திருக்க வேண்டும். பகல் வெயிலில் புலியும் சிங்கமும் நிழல் தேடிப் படுத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். நகரத்திலிருந்து போய்வரவே மூன்று மணி நேரம் ஆகிவிடும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ரயிலில் இல்லாமல் பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்களாக இருந்தால் கணக்கே மாறிவிடுகிறது. தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான் புறப்படுகின்றன, அங்கிருந்து வண்டலூர் பூங்கா பக்கம்தான். காலையில் சீக்கிரம் பூங்காவுக்குப் போய், மதியம் ஓய்வெடுத்து, மாலை பஸ் பிடிக்கலாம். நகரத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நடக்கத் தெம்புள்ள குடும்பம் என்றால் அவர்களுக்கு என் முதல் சிபாரிசு வண்டலூர்தான்.

தட்சிணசித்ரா எனக்கு மிகவும் பிடித்த இடம். 1996-ல் திறந்தார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நான்கு பக்கத்துப் பழைய வீடுகளை அந்தந்த ஊர்களில் பிரித்து, மரம் மரமாகக் கொண்டுவந்து முட்டுக்காட்டில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூணில் கை வைத்து நின்றால் நகரத்துப் பிள்ளைகளுக்கு முற்றம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதே இல்லை. குயவர் சக்கரத்தில் பிள்ளைகள் கையால் மண்ணைப் பிடித்துப் பார்க்கலாம். அமெரிக்காவிலிருந்து லீவில் வரும் உறவினர்களின் பிள்ளைகளுக்குச் சென்னையைச் சுற்றி இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். ஆனால் என் அப்பா அம்மா திண்ணை வைத்த வீட்டில், முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடித்து வாழ்ந்தவர்கள். அவர்களை இருபத்தைந்து கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டிப்போய்த் திண்ணையைக் காட்டுவதற்கு ஒரு முழு நாள் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை. அக்கா பிள்ளைகளை மட்டும் ஒரு கோடை விடுமுறையில் அழைத்துப்போக வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் மெரினா. சேலம், தருமபுரி, கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்றால் நான் இவ்வளவு யோசிக்கவே மாட்டேன், மாலை ஐந்து மணிக்கு நேராகக் கடற்கரைதான். கடலை முதன்முதலாகப் பார்க்கிற ஒரு பாட்டியின் முகத்துக்கு ஈடாக இந்த நகரத்தில் எதுவும் கிடையாது. முட்டிவலிக்காரர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அலைக்குப் பக்கத்தில் போக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-ல் மரப்பாதை ஒன்று போட்டார்கள். மணலில் கால் புதையாமல் கடைசிவரை போகலாம். நான் பார்த்த ஒரு மாலையில் அந்தப் பாதையின் முனையில் ஒரு வயதான அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். அலை வந்து பாதத்தைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தார். அரசாங்கம் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

பக்கத்திலேயே இருக்கும் விவேகானந்தர் இல்லம் 1842-ல் ஐஸ் வைப்பதற்காகக் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் பாளம் பாளமாக வந்த ஐஸ். ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1897-ல் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பியபோது ஒன்பது நாள் இங்கே தங்கினார். கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் உண்டு, படியேற வேண்டாம். 2013-லிருந்து பொதுமக்களை மறுபடி மேலே விடுகிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் மெரினா எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஆனால் எங்கள் வீட்டுக்காரர்களுக்குக் கடல் புதிதல்ல. திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் அரை மணி நேரத் தூரம்தான். வேளாங்கண்ணிக்கு அம்மா எத்தனை தடவை போயிருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. ஒரே ஒரு மாலையை அதற்குக் கொடுப்பது வீண்.

அடையாறு தியசாபிகல் சொசைட்டியையும் இதே போலத்தான் தள்ளினேன், வருத்தத்தோடு. பிரம்மஞான சபை என்று தமிழில் சொல்லும் ஆன்மிகச் சங்கம்; 1882-லிருந்து அதன் தலைமையிடம் அது. ஆற்றங்கரையில் சுமார் 260 ஏக்கர் தோப்பு. சென்னையின் நடுவில் குயில் சத்தம் மட்டும் கேட்கிற இடம் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஏறத்தாழ 450 வருஷத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள்தான் இப்போது மரங்களாக நிற்கின்றன. ஆனால் பார்வையாளர்களை விடும் நேரம் குறைவு, உள்ளே நடைதான், வண்டி கிடையாது. இளம் தம்பதிகளுக்கும் தனியாகப் போகிறவர்களுக்கும் ஏற்ற இடம்.

கிண்டி சிறுவர் பூங்கா ஒன்றாம் வகுப்புக்காரனுக்குப் பிடிக்கும். தேசியப் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. வெளிமானும் புள்ளிமானும் திரியும் காட்டை ஒரு மாநகரத்தின் நடுவில் வைத்திருப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை. கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதற்காகவே ஒருமுறை போகலாம். வரலாறு படிக்கிற எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அது பயன்படும், மற்றவர்களுக்கு நாணயமும் பீரங்கியும் சீக்கிரம் அலுத்துவிடும்.

கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம்தான் கொஞ்ச நேரம் என்னைத் தடுமாற வைத்தது. 2010 செப்டம்பர் 15-ல் திறந்தது, ஒன்பது தளம், லிஃப்ட், சுத்தமான கழிப்பறை, குளிரூட்டிய கூடம். என் அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்குகிற கட்டடம். குழந்தைகளுக்கென்று ஒரு தளமே இருக்கிறது. நடுவில் செயற்கை மரம் ஒன்று, அதன் கீழ் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள். பார்வையற்றவர்களுக்குப் பிரெய்ல் பிரிவு. சொந்தப் புத்தகத்தை எடுத்துவந்து படிக்கவும் இடம் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன்களும் பெண்களும் காலையில் டிபன் பாக்ஸோடு வந்து ராத்திரிவரை அங்கேதான் கிடக்கிறார்கள். 2011-ல் இந்த நூலகத்தை இடம் மாற்றிவிட்டு இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக ஆக்கப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து நூலகம் நூலகமாகவே நின்றது. கிட்டத்தில்தான் பிர்லா கோளரங்கமும் இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளையை ஊரிலிருந்து அழைத்து வருகிறவர்கள் வேறு எங்கேயும் போகாமல் இந்த இரண்டையும் மட்டும் காட்டினால் போதும். அந்தப் பிள்ளை ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு அதைப் பற்றிப் பேசும்.

எங்கள் விஷயத்தில் அப்பா அங்கே செய்தித்தாள் படிக்க உட்கார்ந்துவிடுவார், அம்மாவுக்குப் பொழுது போகாது. சரி, அடுத்த தடவை.

பூங்காக்களில் செம்மொழிப் பூங்காவைத்தான் மிச்சம் வைத்தேன். கதீட்ரல் சாலையில், முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் 2010-ல் திறந்தது. சுமார் இருபது ஏக்கர். பழைய மரங்களை வெட்டாமல் வைத்துக்கொண்டு பூங்கா அமைத்ததால் உண்மையான நிழல் இருக்கிறது. சமதளமான பாதை, ஆங்காங்கே உட்காரலாம். எதிர்ப்புறத்தில் 2024-ல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்திருக்கிறது. கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற ஜிப்லைன், கண்ணாடி மாளிகை என்று பிள்ளைகளுக்கு வேடிக்கை நிறைய. பிள்ளைகள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் என்று இரண்டு மணி நேரம் ஓட்டிவிடலாம்.

மார்கழியில் வருகிறவர்களுக்கு இந்த வட்டாரத்திலேயே இன்னொரு வசதி உண்டு. டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமி, மயிலாப்பூர் பக்கம் மற்ற சபாக்கள். பகல் கச்சேரிகள் பல இடங்களில் இலவசம். பெரியவர்கள் மின்விசிறிக்குக் கீழ் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு, சபா கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வரலாம். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேருமே திருவாரூரில் பிறந்தவர்கள் என்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அங்கே போய் உட்கார ஒரு உரிமையே உண்டு என்று அப்பா சொல்வார். இந்தக் கல்யாணம் மார்கழியில் இல்லை. அதனால் அந்த யோசனை நிற்கவில்லை.

இதுவரை எழுதியதைத் திரும்பப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. வசதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அண்ணா நூலகமோ செம்மொழிப் பூங்காவோ வென்றுவிடும். ஆனால் வருகிறவர்களுக்கும் அந்த இடத்துக்கும் ஏதாவது ஓர் உறவு இருந்தால்தான் அந்த நாள் மனசில் நிற்கும். நம் ஆட்களுக்குச் சென்னையில் சொந்தமாக என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு இடங்கள் முன்னால் வந்து நின்றன.

ஒன்று வள்ளுவர் கோட்டம். 1976-ல் திறந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில், கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில், 39 மீட்டர் உயரக் கல்தேர். அது எங்கள் ஊர் ஆழித்தேரைப் பார்த்துச் செய்தது. திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்த கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது எழும்பத் தொடங்கிய கட்டடம் அந்த ஊர்த் தேரின் வடிவில் நிற்பது தற்செயல் அல்ல. அரங்கத்தைச் சுற்றிய மாடத்தில் 1330 குறளும் கல்லில் வெட்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் பாடத்தில் வரும் அதிகாரத்தின் எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் சத்தமில்லாமல் தேடுவார்கள். பல வருஷம் பராமரிப்பில்லாமல் கிடந்ததை 2025-ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள்.

பதினைந்து வருஷம் முன்னால் அப்பாவை மட்டும் ஒரு நாள் இங்கே கூட்டிவந்திருந்தேன். அப்பா இளவயதில் ஒவ்வொரு ஆழித்தேர் ஓட்டத்துக்கும் வடம் பிடித்தவர். "ஆரூரா தியாகேசா" என்று கூட்டம் கத்த, 96 அடி உயரத் தேர் ஓர் அங்குலம் அசைகிற அந்த நொடியை வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கல்தேரைச் சுற்றி வந்தவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, உள்ளங்கையை அதன் விளிம்பில் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். வீட்டில் பசுமாட்டின் முதுகில் கை வைப்பாரே, அப்படி. பிறகு குனிந்து சக்கரத்துக்கு முன்னால் தரையைப் பார்த்தார். "முட்டுக்கட்டை போடறவன்தான்டா தேரை ஓட்டறான், இழுக்கறவன் இல்ல. இங்க நிக்கணும் அவன்" என்று காலால் ஓர் இடத்தைக் காட்டினார். எந்தப் பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அங்கேயே நின்று பத்து நிமிஷம் விளக்கினார். சென்னையில் எந்த இடத்திலும் அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்று எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கி, சில வருஷங்களில் பாந்தியன் சாலைக்கு வந்தது. ஒரே வளாகத்துக்குள் பல கட்டடங்கள். 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம், பழைய நாடக அரங்கம், ஹென்றி இர்வின் கட்டிய செங்கல் நிற ஓவியக்கூடம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றாம் வகுப்புக்காரனுக்குத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, குழந்தைகள் அருங்காட்சியகம் தனியாக இருக்கிறது. ஆந்திராவின் அமராவதி ஸ்தூபியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. இவற்றில் ஒரு பகுதி லண்டனுக்குப் போய்விட்டது. ஆனால் நான் அப்பா அம்மாவை அழைத்துப்போக நினைப்பது செப்புத் திருமேனிக் கூடத்துக்கு.

அந்தக் கூடத்தில் பெயர்ப் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு போனாலே போதும். திருவெண்காடு. நாகப்பட்டினம். வடக்குப்பனையூர். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பஸ் பலகையில் பார்த்த பெயர்களெல்லாம் சாமிகளின் காலடியில் இருக்கும். படையெடுப்புக் காலங்களில் கோயில்காரர்கள் மண்ணில் புதைத்து வைத்துவிட்டு, மறுபடி எடுக்க ஆள் இல்லாமல் போன திருமேனிகள் பல. நூற்றாண்டுகள் கழித்து வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ வயலில் மண் எடுக்கும்போதோ மண்வெட்டியில் டங்கென்று மோதும். 1878-ல் வந்த புதையல் சட்டப்படி கிடைத்ததைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து பலவும் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. நாகப்பட்டினத்தில் 1856-லிருந்து கிடைத்த புத்தர் திருமேனிகள் தனிக் கதை. கடல் கடந்து வந்த வணிகர்களுக்காக அங்கே புத்த விகாரம் இருந்தது என்று பள்ளியில் ஒரு வரி படித்திருப்போம். இங்கே வந்து பார்த்தால் கைக்கு அடங்குகிற சின்னச் சின்ன உருவங்களாக அந்தக் காலம் வரிசையில் நிற்கிறது.

போன மாதம் நான் மட்டும் ஒரு முற்பகல் போய்வந்தேன், அம்மாவுக்குச் சரிப்படுமா என்று பார்க்க. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். பதினோராம் நூற்றாண்டுத் திருமேனி, ஒரு மீட்டர் உயரம் இருக்கும். வலது பாதி சிவன், இரண்டு கை. இடது பாதி உமை, ஒரு கை. முன்னால் நின்று பார்க்கும்போது இரண்டும் வேறு வேறு உடல் என்பது தெரிகிறது: ஒரு பக்கம் நேரான இடுப்பு, மறுபக்கம் வளைந்து ஒதுங்கிய இடுப்பு. ஆனால் எந்த இடத்தில் ஓர் உடல் முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. சிவனின் முன் வலக்கை காற்றில் எதன் மேலோ சாய்ந்தாற்போல் இருக்கும். அங்கே காளை இருந்திருக்க வேண்டும். காளை இல்லை, சாய்ந்த கை மட்டும் இருக்கிறது. இதே திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். அப்பா அவரைப் பார்த்திருக்கிறார். அவருக்கும் காளை இல்லை, கைதான் சாய்ந்திருக்கிறது. ஒரே ஊர், ஒரே காலம், இன்றைக்கு ஒருவர் தஞ்சாவூரில், ஒருவர் எழும்பூரில்.

சுவாமிமலையில் இன்றைக்கும் இதே முறையில்தான் வார்க்கிறார்கள். மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. ஒரு கருவில் ஒரு சிலைதான், மண்ணை உடைத்துத்தான் சாமியை வெளியே எடுக்க வேண்டும். காவிரி மண் பட்டுப் பிறந்த உருவங்கள் இவை என்று அக்கா மகளுக்கு இங்கே வைத்துச் சொன்னால் புரியும். பக்கத்திலேயே திருவாலங்காட்டு நடராசர். அவர் தொண்டை மண்டலத்துக்காரர், சுற்றியிருந்த திருவாசி போய்விட்டது, ஆட்டம் நிற்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு பிரெஞ்சுச் சிற்பி ரோதான் பக்கம் பக்கமாக எழுதினார். நாம் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிஷத்தில் நேரில் போய் நிற்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்குக் கட்டடம் வெயிலில் நடக்க வேண்டும், படிகள் உண்டு. ஏதாவது ஒரு கூடம் வேலைக்காக மூடியிருக்கலாம், டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினால் அம்மா இரண்டாவது கட்டடத்தில் உட்கார்ந்துவிடுவாள். அதனால் திருமேனிக் கூடமும் திமிங்கிலமும் மட்டும் போதும், மற்றவை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

காலை, பெட்டிகளை எழும்பூர் நிலையத்து க்ளோக் ரூமில் போட்டுவிட்டு, ஒன்பதரைக்கு அருங்காட்சியகம் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே. வெயில் ஏறுவதற்குள் முதலில் திருமேனிகள், பிறகு பிள்ளைகளுக்காகத் திமிங்கிலம். பன்னிரண்டரைக்கு எழும்பூரிலேயே சாப்பாடு, பிறகு என் வீட்டில் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்திருக்கட்டும். நான்கரைக்கு வள்ளுவர் கோட்டம். நேரம் மிஞ்சினால் செம்மொழிப் பூங்கா இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது, மிஞ்சாவிட்டால் கவலையில்லை. ரயிலுக்கு மறுபடி எழும்பூர்தான். மொத்த நாளும் ஒரு சின்ன வட்டத்துக்குள் முடிந்துவிடும். கல்யாணம் வியாழனுக்கு மாறி எங்கள் நாள் வெள்ளியாகியிருந்தால் காலையை அண்ணா நூலகத்துக்குக் கொடுத்திருப்பேன், மாலையை மாற்றியிருக்க மாட்டேன்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். "மியூசியமா? அங்க என்னடா இருக்கு?" என்றார்.

"திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்காருப்பா. மண்ணுக்குள்ள கிடைச்சாரே, அவரு. அங்கதான் நிக்கறாரு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "செருப்பை எங்க விடணும்?" என்று கேட்டார்.

செருப்போடு உள்ளே போகலாம் என்று சொன்னேன். சொன்னாலும் அவர் கழற்றுவார் என்று தெரியும். பையில் ஒரு துணிப்பை கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறேன்.